பத்துக்கு நாலு

தவணைப் பரீட்சைக்கு முன், எட்டாந்தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கடிதம் மீட்டிக்கொண்டிருந்தேன். பண்டாரவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். கரும்பலகையில் நான் எழுதிய மாதிரிக் கடிதத்தையே எல்லாரும் பார்த்து எழுதினார்கள். தர்ஷினி மட்டும் சொந்தமாக எழுதினாள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, சேற்றுத் தண்ணீர் வருகிறது, வந்து பாருங்கள் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரு கடிதம். நான் பார்த்தது பிழைகளை மட்டும். சிவப்பால் சுழித்து, பத்துக்கு நாலு போட்டேன்.

அந்தக் கொப்பி ஒரு வாரம் என் மேசையில் கிடந்தது. மழை விடவேயில்லை.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்த அன்று மத்தியானம், கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நனைந்தபடி தர்ஷினியின் அம்மா வந்து நின்றார்.

"டீச்சர், திருத்திட்டீங்களா? தொரைகிட்ட குடுத்துறலாமா?"

"அது பயிற்சிக்குத்தானே எழுதுனா?"

"இல்லைங்க. தமிழ்ல ரெண்டு தடவ குடுத்தோம், பாக்கவே இல்ல. இங்கிலீசுல பிழையா குடுத்தா சிரிப்பாங்கன்னு, நீங்க திருத்துற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தோம்."

உடனே கிராம சேவகருக்குப் போன் எடுத்தேன், கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். பிறகு நாங்கள் இருவரும் மழையிலேயே லயத்துக்கு ஓடினோம். கதவு கதவாகத் தட்டி, எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தோம். விடிந்தபோது தர்ஷினியின் வீடு மண்ணுக்குள் இருந்தது.

அவள் கொப்பியை மட்டும் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

"திருத்தி எழுதிட்டேன் டீச்சர், பாக்குறீங்களா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தக் கடிதத்தை அன்றுதான் முதல் தடவையாக வாசித்தேன்.