வெள்ளிக்கிழமைச் சட்டி

என் கணவர் பென்ஷன் எடுத்த முதல் திங்கட்கிழமை, நான் வேலை முடிந்து வந்து குசினி லாச்சியை இழுத்துப் பார்த்தால், கரண்டிகள் எல்லாம் உயர வரிசையில் படுத்திருந்தன. கத்திகள் தனியே, தீட்டப்பட்டு, ஒரே பக்கம் பார்த்தபடி. இந்தக் குளிர் நாட்டில் ஓல்போர்க் நகருக்கு வெளியே ஒரு பன்றி வெட்டும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் நின்ற மனிதர். எனக்கு முதியோர் இல்லத்தில் இன்னும் நாலு வருட வேலை கிடக்கிறது.

"இனி வீட்டு வேலை என்ர பொறுப்பு. நீர் ஆறுதலா இரும்" என்றார்.

ஆறுதலாம்! அன்றிலிருந்து என் குசினியில் நான்தான் புதிதாகச் சேர்ந்த வேலையாள். அவர் வெங்காயம் வெட்டுகிற வேகத்துக்கு நான் வதக்க வேண்டும். கொஞ்சம் சுணங்கினால், தொழிற்சாலையில் இறைச்சி ஓடுகிற பட்டி நின்றுவிட்டதுபோல "லைன் நிக்குதப்பா" என்பார். எனக்கு லீவு நாளென்றாலும் காலை ஒன்பது மணிக்கு அவருக்குத் தொழிற்சாலை இடைவேளை. சட்டி பாதி மினுக்கினபடி கிடக்க, கோப்பியோடு கதிரையில் சரியாகப் பதினைந்து நிமிடம் இருப்பார். என்னுடைய நல்ல கம்பளிச் சட்டையை அறுபது பாகையில் தோய்த்து, பொம்மைக்குப் போடுகிற அளவில் எடுத்துத் தந்தார்.

"கிருமி சாகவேணுமெல்லே?"

"கிருமியோட சட்டையும் செத்துப்போச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிள்ளைகள் வெளிக்கிட்டுப் போனபிறகு அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது குறைவு.

வேலை செய்த காலத்தில் அவர் சாமித்தட்டுக்குக் கிட்டப் போனதில்லை. வேலையால் வந்து அரை மணித்தியாலம் குளிப்பார். அப்படியும் அறை வாசலில் நின்றுதான் கும்பிடுவார். திருநீற்றை நான் கொண்டுபோய்ப் பூசிவிடுவேன். பென்ஷன் எடுத்த அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"இஞ்சேரும், இனி நான் விளக்குக் கொளுத்தலாமோ?"

"அதுக்கென்ன, கொளுத்துங்கோவன்."

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நான் பஸ்ஸால் இறங்கி வரும்போது எங்கள் ஜன்னலில் சின்ன வெளிச்சம் தெரியும். மற்ற வேலைகளைப் பற்றிப் பெருமை அடிப்பவர், விளக்கைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லமாட்டார். இதற்காகத்தான் மனிதர் பென்ஷனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

போன நவம்பரில் ஒரு வெள்ளி. நாலரை மணிக்கே கும்மிருட்டு, காற்றோடு மழை. அன்று காலை இல்லத்தில் ஒரு அம்மா இறந்துபோய், நான்தான் உடம்பைத் துடைத்து உடுப்பு மாற்றிவிட்டேன். அங்கேயே குளித்துவிட்டுத்தான் வந்தேன், ஆனாலும் மனம் சரியில்லை. மரக்கறி சமைக்கலாம் என்று வெள்ளிக்கிழமைச் சட்டியைத் தேடினால் காணவில்லை. மச்சம் மாமிசம் படாமல் நான் தனியே வைத்திருக்கிற சட்டி அது. குளிர்பெட்டியைத் திறந்தேன். அந்தச் சட்டி நிறைய நேற்றைய கோழிக்கறி!

"பெரிய சட்டியா இருந்தது, அதுதான் எடுத்தனான்" என்றார்.

எனக்கு விசர் வந்துவிட்டது.

"பண்டி வெட்டின கைக்கு மரக்கறிச் சட்டி எது எண்டு எப்பிடித் தெரியும்?"

சொல்லி முடிய முன்னமே என் கை நினைவுக்கு வந்தது. பிரேதம் துடைத்துவிட்டு வந்தவள் நான். என் கையைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கறியைச் சாப்பாட்டுக் குப்பைக்குள்ளும், சட்டியை இரும்புக் குப்பைக்குள்ளும் போட்டுவிட்டு வந்தார். அந்த நேரத்திலும் பிரித்துத்தான் போட்டார், பாவம்.

அடுத்த நாள் கடையில் மஞ்சள் றப்பர் கையுறை வாங்கி வந்தார். அரிசி கழுவுவதும் அதோடுதான், எனக்குத் தேத்தண்ணி தருவதும் அதோடுதான். கழற்றச் சொன்னால், "பரவாயில்லை, பழகின விசயம்தானே" என்றார். கரண்டிகள் வரிசையாகத்தான் இருந்தன. லைன் நிக்குது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி பஸ்ஸால் இறங்கிப் பார்த்தேன். ஜன்னல் இருட்டு. உள்ளே போனால் சாமித்தட்டில் விளக்கு மினுக்கி, திரி போட்டு, எண்ணெய் விட்டு, பக்கத்தில் நெருப்புப்பெட்டி.

"எல்லாம் ஆயத்தமா வச்சிருக்கிறன். நீர் கொளுத்தும்" என்றார்.

"நீங்கள் கொளுத்துங்கோ. அண்டைக்கு நான் வாய்தவறிச் சொல்லிப்போட்டன். குறை நினையாதேங்கோ."

"வாய்தவறி இல்லையப்பா." கோபமே இல்லாமல் சொன்னார். "இவ்வளவு காலமும் நீர் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனீர், என்ன?"

இல்லை என்று ஒரு சொல் போதும். சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.