ஆறே முக்காலுக்கு எந்த நிலையம்

எங்கள் தெருவுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னாலேயே, எதை வைப்பது என்ற சண்டையை நானும் அம்மாவும் போட்டு முடித்துவிட்டோம். இன்று என் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு தொடர் வந்து, ரிமோட்டுக்காகப் பிடுங்கல் நடக்கும்போது நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். ஏன் போகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டித் தோணிக்காரர்கள் குடியிருந்த தெரு எங்களுடையது. அப்பா கொழும்புத் தோணியில் தண்டல். தோணியும் அதில் இருக்கிற ஆட்களும் தண்டல் பொறுப்பு. வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போனால், சரக்கை இறக்கி வேறு சரக்கு ஏற்றித் திரும்ப மூன்று வாரம் ஆகும், சில நடையில் ஒரு மாதமும் ஆகும். அப்படி ஒரு நடையில் கொழும்பிலிருந்து கொண்டுவந்ததுதான் தோல் உறை போட்ட அந்த டிரான்சிஸ்டர். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். எனக்குப் பதினேழு வயது. படிப்பை நிறுத்தியிருந்தார்கள், வாயை நிறுத்த முடியவில்லை.

சண்டை தினமும் மாலை ஆறே முக்காலுக்கு. அந்த நேரத்தில்தான் திருநெல்வேலி நிலையம் கடல் செய்தி சொல்லும். காற்று எந்தத் திசை, அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்று ஒருவர் தூங்கி எழுந்த குரலில் வாசிப்பார். அதே நேரத்தில் கொழும்பு வானொலியில் விருப்பப் பாட்டு. சனிக்கிழமை என்றால் தொடர் நாடகம். கதாநாயகி விஷத்தைக் குடித்தாளா கொட்டினாளா என்று தெரியாமல் ஒரு வாரம் முழுக்க நான் அலைந்திருக்கிறேன், அம்மா காற்றின் வேகத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காரணத்தால்.

"ஏளா, கடல் செய்தி வையி."

"கடலு இங்கன கண்ணுக்கு முன்னாலதான கெடக்கு. எட்டிப் பாத்துக்கோ."

"உன் வாயில கொள்ளிய வைக்க. அவுக கடல்ல கெடக்காக, உனக்குப் பாட்டு கேக்குதோ?"

அப்பா வீட்டில் இருக்கும் நாட்களிலும் இதுதான். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கிடப்பார், அம்மா அவர் கடலில் இல்லாத அன்றைக்கும் கடல் செய்தி கேட்பாள். பழக்கம். அப்பா சிரித்துக்கொண்டே இரண்டு பக்கமும் தூபம் போடுவார்.

ஆனால் கொழும்பை அம்மாவாலும் முழுசாகத் தள்ள முடியாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெரு ஆண்கள் கொழும்பில் கால் வைத்ததும் முதல் வேலையாக விருப்பப் பாட்டுக்கு ஒரு அட்டை எழுதிப் போடுவார்கள். இன்ன பாட்டு வேண்டும், தூத்துக்குடியில் இன்னார் இன்னார் கேட்க வேண்டும் என்று வீட்டாரின் பெயர்களை வரிசையாக எழுதுவார்கள். அறிவிப்பாளர் அந்தப் பெயர்களை வாசித்தால் தோணி கரை பிடித்துவிட்டது என்று அர்த்தம். கடிதம் வர நாளாகும், தோணி ஆபீஸுக்குத் தந்தி வந்தாலும் வீட்டுக்குச் சொல்லியனுப்ப அவர்களுக்கு நேரம் வாய்க்க வேண்டும். 'பேரு வந்துட்டு' என்று ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் தெருவே அங்கே போய்ச் சேரும். பேர் வந்தால் ஆள் வந்த மாதிரி. எழுதிப் போட்ட அட்டை அங்கே எத்தனை நாள் கட்டுக்குள் கிடக்கிறது என்று எங்களில் ஒருத்தியும் யோசித்ததில்லை. எல்லாத் தடவையும் ஆளும் திரும்பி வந்துகொண்டிருந்தபோது யோசிக்க என்ன இருக்கிறது?

அப்பா ஒவ்வொரு நடைக்கும் இரண்டு அட்டை எழுதுவார். ஒன்று தவறினாலும் ஒன்று வருமாம். பெயர் வரிசை என்றைக்கும் மாறாது. முதலில் அம்மா, பிறகு நான், பிறகு அடுத்த வீட்டு மைனி, கடைசியில் சித்தி. சித்தி என்றால் அம்மாவின் ஒரே தங்கச்சி. கல்யாணம் ஆகாமல் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தன் பெயர் கொழும்பிலிருந்து வருவதைக் கேட்க எங்கள் வீட்டுக்கு ஓடி வருவாள்.

அந்த ஐப்பசியில் சித்தி ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா அப்போது ஊரில் இருந்தார். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்ததும் அவர்தான், குழியில் முதல் மண் போட்டதும் அவர்தான். பதினாறு நாள் கழித்துத் தோணி ஏறினார். புறப்படும்போது என் தலையில் கை வைத்து, "இந்தத் தடவ உனக்குன்னு ஒரு ரேடியோப் பெட்டி கொண்டு வாரேன். ஆளுக்கொண்ணு வச்சுக்கிட்டு சண்டைய நிறுத்துங்க" என்றார். நான் சிவப்பு நிறத்தில் வேண்டும் என்றேன்.

மூன்றாம் நாள் காற்று எழுந்தது. எங்கள் ஊருக்குக் காற்று புதிதல்ல. ஆனால் இது நின்று அடித்தது. உப்பளக் கொட்டகைகளின் ஓலை தெருவில் வந்து விழுந்தது, கம்பங்கள் சாய்ந்து ஊர் முழுக்க மின்சாரம் போனது. அதே வாரம் புறப்பட்ட மற்ற தோணிகள் இரண்டு கொழும்பு சேர்ந்துவிட்டதாக ஆபீஸுக்குத் தந்தி வந்தது. எங்கள் தோணியைப் பற்றி ஒன்றும் இல்லை. அம்மா காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை ஆபீஸுக்குப் போய் நின்றாள். அங்கிருந்த அண்ணாச்சி மூன்றாவது தடவையே அவள் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்துவிட்டார்.

தெருவில் மற்ற வீட்டு வானொலிகள் எல்லாம் மின்சாரத்தில் ஓடுகிறவை. பேட்டரியில் பேசுகிற பெட்டி எங்களுடையது ஒன்றுதான். ஆறரைக்கெல்லாம் பெண்கள் எங்கள் வாசலில் கூடிவிடுவார்கள். இப்போதும் அதே சண்டைதான், ஆனால் இப்போது அது விளையாட்டில்லை. காணாமல் போன தோணிகளைப் பற்றி ஏதாவது தெரிந்தால் திருநெல்வேலியில் கடல் செய்தியோடு சொல்வார்கள். உயிரோடு கரை சேர்ந்திருந்தால் கொழும்பில் பெயர் வரும். ஒன்றை வைத்தால் ஒன்று போய்விடும். எது தவறினாலும் மறுநாள் வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

"திருநெவேலிய வையி. எதுன்னாலும் தெரிஞ்சிரணும்" என்றாள் அம்மா.

"கொழும்புல பேரு வந்தா நாம கேக்காம போயிருவோம்மா. அப்பா எழுதியிருப்பாக."

முதல் நாள் அம்மா ஜெயித்தாள். இரண்டாம் நாள் நான். மூன்றாம் நாள் பாதி இது, பாதி அது என்று முள்ளைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். திருநெல்வேலியில் 'மீனவர்கள்' என்று ஆரம்பித்தபோது கொழும்புக்குப் போனேன், கொழும்பில் 'தூத்துக்குடி' என்று காதில் விழுந்த மாதிரி இருந்தபோது முள் தாண்டிப்போனது. திரும்பப் பிடிப்பதற்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கான பாட்டு என்று தெரியவில்லை. அன்று அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். எனக்கு வலிக்கவில்லை. எனக்கே என்னை அடிக்க வேண்டும்போல் இருந்தது. மூன்று நாளாக அவள் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. நானும்தான்.

நான்காம் நாள் நான் யாரையும் கேட்காமல் கொழும்பை வைத்தேன். அம்மா தடுக்காமல் பெட்டிக்குப் பக்கத்தில் செபமாலையோடு உட்கார்ந்தாள். இரண்டு பேர் தலையும் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்திருந்தோம். மூன்றாவது பாட்டுக்கு அறிவிப்பாளர் "தூத்துக்குடியிலிருந்து" என்று ஆரம்பித்தார். அம்மா பெயர் வந்தது. அடுத்து என் பெயர் வந்தது.

வாசலில் எழுந்த கூச்சலில் மீதி யாருக்கும் கேட்டிருக்காது. மைனி என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினாள். "பேரு வந்துட்டு! தண்டல் கரை பிடிச்சுட்டாரு!" என்று தெருக்கோடி வரைக்கும் சத்தம் போனது. ஆனால் என் காது பெட்டியில் ஒட்டியிருந்தது. மைனியின் பெயருக்குப் பிறகு, கடைசியாக, சித்தியின் பெயரையும் வாசித்தார்கள்.

செத்துப்போனவளுக்குப் பாட்டுக் கேட்க அப்பா எழுதமாட்டார். அது சித்தி உயிரோடு இருந்தபோது, இதற்கு முந்தின நடையில் போட்ட அட்டை. அந்த நடையில் பேர் வராமலே ஆள் வந்து நின்றிருந்தார். இத்தனை நாள் அங்கே கட்டுக்குள் கிடந்து இன்றைக்கு வந்திருக்கிறது. முள்ளைத் திருநெல்வேலிக்குத் திருப்பினேன். கடல் செய்தி முடிந்து வயலுக்கு உரம் போடுவதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா பெட்டியின் மேல் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். சொல்லிவிடவா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் மைனி ஒரு சட்டி சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்துவிட்டாள். அம்மா தட்டை எடுத்து வைத்தாள். என்னைப் பார்த்து, "ஏளா, நீயும் உக்காரு. சாப்பிடு" என்றாள். அவள் சாப்பிடட்டும், ஒரு வேளையாவது வயிறு நிறையட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அவளுக்காக நானும் சாப்பிட்டேன். பெற்ற அப்பாவுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, நான் உட்கார்ந்து மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு பாவி உலகத்தில் இருப்பாளா என்று இருந்தது.

மறுநாள் மின்சாரம் இன்னும் வரவில்லை. ஆனால் வாசலில் கூட்டமும் இல்லை. அவர்களுக்குக் கவலை தீர்ந்துவிட்டதே. ஆறே முக்காலுக்கு நான் பெட்டியை எடுத்துத் திருநெல்வேலிக்குத் திருப்பினேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"கொழும்பு வையி."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"கடல் செய்தி கேப்போம்மா. சும்மாதான்."

"அதான் பேரு வந்துட்டுல்லா. இனி கடல் செய்தி என்னத்துக்கு? உனக்குப் பிடிச்ச பாட்டக் கேளு."

நான் திருப்பினேன். அவள் திரும்பத் திருப்பினாள். இத்தனை வருடம் எந்த நிலையத்துக்காக மல்லுக்கு நின்றோமோ அதை விட்டுவிட்டு, ஆளுக்கு ஆள் எதிராளியின் நிலையத்துக்காகப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். தோல் உறை கிழிந்தது. கடைசியில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"உனக்குத் தெரியாதும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது!"

அம்மா கையை எடுத்துவிட்டாள்.

"கூடப் பொறந்தவ பேரு எனக்குக் கேக்காம போவுமாளா?" என்றாள்.

நான் முள்ளிலிருந்து கையை எடுத்தேன்.

"நாலு நாளா நீ வெறும் வயித்தோட கெடந்த. நான் தின்னாத்தான் நீ திம்பன்னு தின்னேன். இன்னைக்கு அந்தப் பெட்டி எதையும் சொல்லி நீ கேட்டுரக் கூடாதுன்னுதான்..."

இரண்டு பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, தெருவுக்குக் கேட்காமல் அழுதோம். தெரு எங்கள் சந்தோஷத்தை நம்பிக்கொண்டிருக்கிறது, அதைக் கலைக்கவும் தெம்பில்லை. பிறகு அம்மாவே முள்ளைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனாள். தூங்கி எழுந்த குரல்காரர் அன்றும் இருந்தார். காற்று தணிந்துவிட்டது, மீனவர்கள் கடலுக்குப் போகலாம் என்றார். எங்கள் தோணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் ஆபீஸ் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். தெற்கே மணப்பாட்டுக் கரையில் எங்கள் தோணியின் சுக்கானும் இரண்டு பலகையும் ஒதுங்கியிருந்தன. ஆள் ஒருவரும் ஒதுங்கவில்லை. உடல் இல்லாமலே கோயிலில் பூசை வைத்தோம். பெயர் வந்த வீட்டில் எப்படி இப்படி என்று தெருவில் பல நாள் பேசினார்கள். அட்டை பழைய அட்டை என்று அம்மா யாருக்கும் சொல்லவில்லை. அவர்களுடைய ஆண்களும் கடலில்தான் இருந்தார்கள், அவர்களும் அந்தப் பெட்டியை நம்பித்தான் மாலையைக் கடத்த வேண்டும்.

பூசை முடிந்த அன்று மாலை ஆறே முக்கால் ஆனது. பெட்டி மூலையில் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. அம்மா வெள்ளைச் சேலையில் வந்து, பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"கொழும்பு வையி" என்றாள்.

"இனி எதுக்கும்மா?"

"அவுக நடைக்கு ரெண்டு அட்டை போடுவாகள்லா. ஒண்ணுதான வந்திருக்கு. இன்னொண்ணு அங்கன கெடக்கும்."

அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை இல்லை. சனிக்கிழமையும் நாடகம் ஓடும், அம்மாவும் பக்கத்தில் இருப்பாள். கதாநாயகிக்கு என்ன ஆனது என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொரு பெயர் வரிசைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று ஆனதும் விட்டுவிடுவோம். இப்படி இரண்டு வருடம் கேட்டோம். அந்த இன்னொரு அட்டையை அவர்கள் வாசிக்கவே இல்லை.