செருப்பு மாட்டிய பிறகு

வேங்கிக்காலில் நானும் மல்லிகாவும் சேர்ந்து நடத்தும் அக்குபஞ்சர் கிளினிக்கில், ஓர் அம்மாவின் முழங்காலில் ஊசிகளைப் போட்டுவிட்டு, என் மூட்டுவலிப் பொடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தேன். போன் வந்தது. மல்லிகாவின் அண்ணன். கீழ்பென்னாத்தூர் வீட்டில், தூக்கத்திலேயே மல்லிகாவின் உயிர் போய்விட்டதாம். முந்தின நாள் மாலை என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனவள்.

அவளிடம் ஊசி போட்டுக்கொண்ட உங்களுக்கெல்லாம் என்ன சண்டை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே பொடிதான். நானே இடித்துச் சலித்து டப்பாவில் அடைப்பது. நல்ல பொடி, இன்றும் அடித்துச் சொல்வேன். ஆனால் நான் வாயைத் திறந்தாலே எங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே தொங்கும் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள்: "மொதல்ல அவங்க எழுந்து செருப்பு மாட்டட்டும்டி. அப்புறம் வித்துக்க."

"நான் இன்னா ஏமாத்தறனா?" என்று ஒரு நாள் எகிறினேன். என் இடுப்புவலிக்கு ஊசி போடுகிறேன் என்று குப்புறப் படுக்க வைத்தாள். முதுகெல்லாம் ஊசி. பக்கத்தில் உட்கார்ந்து, "உனுக்கு வாயு ஜாஸ்தி. ரெண்டு டப்பா பொடி எடுத்துக்க" என்றாள், அவ்வளவு பரிவாக. "சரி" என்றேன். "இன்னொண்ணு சேத்துக்கறியா?" "சரி." அப்புறம்தான் உறைத்தது. நான் இடித்த பொடியை எனக்கே விற்றுவிட்டாள்!

"ஊசியோட படுத்துக்கினு யாரால வேணான்னு சொல்ல முடியும்? உன்னாலயே முடியல" என்று சிரித்தாள் பாருங்கள், தெருமுனைவரை கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க முதுகில் ஊசிகள் ஆடின.

பௌர்ணமியன்று அவளை மடக்கப் பார்த்தேன். மலை சுற்றிவிட்டு வருகிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். "யாருக்கும் செருப்பே இல்ல, இன்னா பண்ணுவ?"

"டீக்கடைக்குப் போய்ட்டு வரட்டும். டீ குடிச்சப்புறமும் வேணும்னு தோணுச்சின்னா வாங்கட்டும்."

சிலர் திரும்பி வந்து வாங்கினார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் நான் மாறவில்லை. கடைசி நாள், "இன்னொரு தடவ படுத்திருக்கிறவங்ககிட்ட வித்தன்னா நான் வேற ரூம் பாத்துக்கறேன்" என்றாள். "பாத்துக்க" என்றேன். அதுதான் அவளிடம் நான் கடைசியாகப் பேசியது.

போனை வைத்ததும் உடைந்து அழுதேன். படுத்திருந்த அம்மா தலையை மட்டும் திருப்பி, "அழாதம்மா. அந்தப் பொடி ரெண்டு டப்பா குடு, அவங்க பேரச் சொல்லி வாங்கிக்கறேன்" என்றார். டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"மொதல்ல எழுந்து செருப்பு மாட்டுங்கம்மா" என்றேன்.

இப்போது பொடி அலமாரி வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மல்லிகாவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு வாக்கியம். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்த ஆளில்லாததால், இப்போது நானே சொல்லிக்கொள்கிறேன்.