முதுகைக் காட்டி உட்கார்ந்த சாயங்காலம்

எங்கள் ஏரிக்கரைக்குப் பின்னால் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. ஐப்பசி மழையில் முழங்கால் உயரம் எழும் புல், தை மாதத்தில் ஆளையே மறைத்துவிடும். பனி பிடித்த கதிர்களுக்குள் நடந்தால் புடவை இடுப்புவரை நனைந்துபோகும். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். பங்குனியில் எல்லாம் சருகாகிவிடும். அப்போது ஊரார் சேர்ந்து கொளுத்துவார்கள். அடுத்த மழைக்குக் கிளம்பும் தளிருக்கு மாடுகள் அடித்துக்கொள்ளும்.

போன பங்குனியில், கொளுத்துகிற நாளன்று மத்தியானம், நிறைசினையாக மேயப் போன எங்கள் பசு வயிறு ஒட்டித் தனியாகத் தண்ணீர் குடிக்க வந்து நின்றது. கன்றைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டு வந்திருக்கிறாள், கள்ளி. கரையடியில் சருகைக் குவித்துத் தீப்பெட்டியோடு நின்றவன் என் கொழுந்தன். ஓடிப்போய்த் தடுத்தேன்.

"கொளுத்தறது கெடக்கட்டும் அண்ணி. இருட்டறதுக்குள்ள தேடணும், நாயிங்க சுத்திக்கினு கீது" என்றான்.

ஆண்களெல்லாம் நடுப்புல்லுக்குள் புகுந்து கைதட்டிக் கூவினார்கள். சத்தம் கேட்டால் கன்று இன்னும் ஒடுங்கிப் படுக்குமே தவிர எழாது. தானே கன்றிடம் போகட்டும் என்று பசுவைப் புல்லோரம் ஓட்டிவந்து விட்டோம். அதுவோ ஒன்றுமே நடக்காததுபோல் வேறு பக்கம் பார்த்து மேய்ந்தது. பொழுது சாயச் சாய எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இத்தினி பேரு மொறைச்சிப் பாத்துக்கினு இருந்தா அது எப்பிடிப் போவும்? எல்லாரும் அந்தாண்ட திரும்பிக் குந்துங்க. வாயத் தொறக்காதீங்க."

மீசை வைத்த பெரிய மனிதர்கள் எல்லாம் கரைமேல் வரிசையாக முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. கொஞ்ச நேரத்தில் பின்னால் புல் சரசரத்தது. கொழுந்தன் தலைவாருகிற சாக்கில் செல்லை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"செல்ல உள்ள வையி" என்று பல்லைக் கடித்தேன்.

அவன் வைக்கவில்லை. செல்லில் முதுகுக்குப் பின்னால் தெரிந்ததைப் பார்த்தபடியே, "அண்ணி, கன்னு" என்றான்.

திரும்பினோம். நெற்றியில் வெள்ளைச்சுட்டியோடு ஒரு செவலைக் கிடாரி, கால் தள்ளாடி நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. அவன் கொளுத்துவதற்காகக் குவித்திருந்த சருகுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கொழுந்தன் தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினான்.

"நீயே வெச்சிக்க அண்ணி."

மறுநாள் அந்தத் தீப்பெட்டியில்தான் அடுப்பைப் பற்றவைத்துச் சீம்பால் காய்ச்சினேன். முதல் கிண்ணம் அவனுக்கு.