தையல் மெசினும் சொந்தக்காரரும்

தையல் மெசின் திருத்துகிறவனுக்கு மெசினால் தலையிடி வருவதில்லை. அதை வைத்திருக்கிறவர்களால்தான் வரும். நீங்களும் மணிக்கூடோ, றேடியோவோ, தண்ணீர் இறைக்கிற மெசினோ திருத்திப் பிழைத்தவர் என்றால் நான் விளக்கத் தேவையில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பழகிய கூட்டத்தில் நீங்களும் ஒருவர்.

கொழும்பில் நான் வேலை செய்த கடை எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்துபோனது. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது என்னிடம் மிஞ்சியது சட்டைப்பைக்குள் கிடந்த ஒரு சின்ன ஸ்குரூட்ரைவர் மட்டும். உரும்பிராயில் மனைவி வீட்டு வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில் போட்டேன். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பழைய கறுப்பு மெசின்களைத் தேடி வாங்கினேன், திருத்தினேன், திருத்தி விற்றேன். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்கள். கழுத்தில் பொன்னெழுத்து, காலில் வார்ப்பிரும்புப் பூவேலை. அவற்றைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவர்களைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அடைகிடந்த கோழி

நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டக்காரர் வீட்டில் பழைய மெசின் ஒன்று சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கிடந்ததுதான். ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில், வாழைச் சருகு மூடி, மிதிக்கு மேலே ஒரு கோழி அடைகிடந்தது. சருகை விலக்கிப் பார்த்தால் மெசின் தலை நல்லாக இருந்தது. சில்லைக் கையால் அசைத்தேன், ஊசிக் கம்பி மெல்ல இறங்கியது. அத்தனை மழையையும் வெயிலையும் தின்றுவிட்டு அப்படி அசைகிற இரும்பை இந்தக் காலத்தில் யாரும் வார்ப்பதில்லை. தோட்டக்காரர் உடனே தருவதாகச் சொன்னார். ஆனால் குஞ்சு பொரிக்கும் வரைக்கும் பொறுக்கச் சொன்னார்.

பொறுத்தேன். குஞ்சு பொரித்து, அவை கொத்தித் திரியத் தொடங்கிய பிறகு கயிறும் சாக்கும் கொண்டு போனேன். மனிதர் வேலியடியில் நின்று யோசித்தார். உள்ளே போய் மனைவியுடன் கதைத்துவிட்டு வந்தார். தர மனமில்லை. வேறு யாரும் கூடுதலாகக் கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பெண்களில் யாரும் தைக்க விரும்புகிறார்களா என்றால் அந்த வீட்டில் ஒருவருக்கும் ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. கடைசியில் காரணத்தைச் சொன்னார்:

"கோழி உதிலை பழகிப்போச்சு தம்பி. இனி அதை எங்கை கொண்டுபோய் விடுறது?"

பொம்பிளை பார்த்தல், மெசின் பார்த்தல்

கரவெட்டியில் இருந்து ஒருவர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். தன்னுடைய மகனுக்கு எங்கள் ஊரில் பெண் பேசியிருப்பதாகவும், சீதனத்தோடு தையல் மெசினும் தருவதாகப் பெண் பகுதி சொன்னதாகவும், அது புதிதா அல்லது மை பூசிய பழசா என்று நான் வந்து பார்த்துச் சொல்லவேண்டும் என்றும் கேட்டார். "கூலிக்குத்தானே வாறீர், வெக்கப்பட என்ன கிடக்கு?" என்று வேறு சொன்னார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன், அவர் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பொய் சொல்ல வைப்பார் என்ற எண்ணத்தில்.

மெசின் பழசுதான். அந்தப் பிள்ளை, தாய் வாங்கியதை எடுத்துத் தானே துடைத்து, பட்டி மாற்றி, ஊரில் அரைவாசிப் பேருக்குப் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை ஒளிக்கவும் இல்லை, மை பூசவும் இல்லை. புது மெசினைவிட இது நல்லது, இது இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும் என்று சொன்னேன். கரவெட்டியார் நம்பவில்லை. மூடியைத் திறக்கச் சொன்னார். அடித்தட்டைக் கழற்றச் சொன்னார். துணியை நகர்த்துகிற பல்லை விரலால் தடவிப் பார்த்தார், மாடு பிடிக்கிறவர் தடவுகிற மாதிரி. பெண்ணின் தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு கதிரையில் இருந்தார். தாய் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

அந்தச் சம்பந்தம் அன்றோடு குழம்பியது. குழப்பினது மெசின் இல்லை. இவ்வளவு நேரமும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்க, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணை, உது முடிய மாப்பிளையையும் ஒருக்காக் கழட்டிப் பாத்துச் சொல்லுங்கோ."

எண்ணெய்

பொருளாதாரத் தடை வந்து கடைகளில் மெசின் எண்ணெய் இல்லாமல் போனபிறகு சனம் கையில் கிடைத்ததை எல்லாம் மெசினுக்குள் ஊற்றியது. நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், ஒரு வீட்டில் தலைக்கு வைக்கிற மூலிகை எண்ணெய். தேங்காயெண்ணெய்தான் எல்லாவற்றிலும் மோசம். ஊற்றும்போது மெசின் சந்தோசமாக ஓடும். இரண்டு மாதம் போனால் பசையாகி இறுகி, சில்லு அசையாது. அப்படி இறுகிய மெசின் ஒன்றைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவதற்கு எனக்கு ஒரு முழுப்பகல் போகும். மண்ணெண்ணெய் அப்போது மருந்துக்கும் கிடைக்காத சாமான், விளக்கில் இருந்து வடித்துத்தான் எடுத்தேன்.

கோப்பாயில் ஒரு வீட்டில் எறும்புப் புற்றோடு சேர்த்து ஒரு மெசினைக் கழற்றி வைத்துக்கொண்டு, இனித் தேங்காயெண்ணெய் விடாதேங்கோ அக்கா என்று தன்மையாகத்தான் சொன்னேன். வீட்டுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது, கோபத்தில்.

"பிள்ளையளுக்குப் பொரிச்சுக் குடுக்காமல் மெசினுக்கு விட்டனாங்கள். உமக்கு அதுவும் குறையாக் கிடக்கு."

செய்தி கேட்ட கால்கள்

மின்சாரம் போய், பற்றரியும் இல்லாமல் போன காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் நாங்கள் றேடியோ கேட்டோம். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒரு மனிதர் அதையும் தாண்டிப் போனார். மனைவியின் தையல் மெசினில் ஊசியை ஓட்டுகிற பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, மிதியின் பெரிய சில்லில் டைனமோவைப் பூட்டினார். பின்னேரமானால் மெசினுக்கு முன்னால் இருந்து மிதிப்பார். ஒழுங்கையில் உள்ள ஆம்பிளைகள் எல்லாம் முற்றத்தில் குந்தியிருந்து வெளிநாட்டுச் செய்தி கேட்பார்கள். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளியறியாத மனிதர், உலக நடப்புக்காக வியர்க்க வியர்க்க மிதித்தார்.

மனைவி தங்கம் தைத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறது, வெள்ளைச் சட்டைத் துணிகள் குவிந்து கிடக்கின்றன, மெசின் செய்தி வாசிக்கிறது. டைனமோவைக் கழற்றிவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். நான் ஸ்குரூட்ரைவரை எடுத்ததும் முற்றத்தில் இருந்தவர்கள் ஏதோ நாட்டைக் காட்டிக்கொடுக்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

தங்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு வழி சொன்னாள். டைனமோ அப்படியே இருக்கட்டும், பட்டியையும் திரும்பப் போட்டுவிடுங்கோ என்றாள். போட்டேன். பிறகு அவள் கதிரையை இந்தப் பக்கம் இழுத்து ஊசிக்கு முன்னால் இருந்தாள், மனிசனுக்கு எதிர்ப் பக்கத்தில் இருக்க ஒரு வாங்கைப் போட்டாள். அவர் மிதிக்க, றேடியோ பேச, அவள் தைத்தாள். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதலே சட்டைகள் எல்லாம் முடிந்தன. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது மனிதர் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தார். எப்படி அண்ணை பாடு என்று கேட்டேன்.

"கால் ரெண்டும் விட்டுப்போச்சு. செய்தியிலையும் ஒண்டும் இல்லை."

பங்கர்

ஊரெழுவில் ஒரு வீட்டில் மெசினைத் திருத்திக்கொண்டிருந்தபோது குண்டு போடுகிற பொம்மர் வந்தது. சத்தம் கேட்டதும் வீட்டுக்காரரும் மனைவியும் ஓடி வந்து மெசினின் இரண்டு பக்கத்தையும் பிடித்தார்கள். என்னையும் பிடிக்கச் சொன்னார்கள். மூவருமாக அதை முற்றத்தால் இழுத்து, வளவுக்குள் வெட்டியிருந்த பங்கர்க் குழியின் வாசலில் சரித்து, படியில் முட்டுப்படாமல் உள்ளே இறக்கினோம். இறக்கின பிறகு பங்கருக்குள் மூன்று பேர் நெருக்கி இருக்கத்தான் இடம். அண்ணாந்து பார்த்தால் வீட்டுக்காரரின் தாய், இடுப்பு வாதக்காரி, கிணற்றடியில் இருந்து கையை ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருக்கிறா.

குண்டு எங்கேயோ விழுந்து மண் அதிர்ந்தது. நான் ஏறிப் போய்க் கிழவியைத் தூக்கிக்கொண்டு வந்து மெசின் மேசைக்கு மேலேயே இருத்தினேன். அவ மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினா. அம்மாவை முதலில் இறக்கியிருக்கக் கூடாதோ என்று மகனைக் கேட்டேன். அந்த ஆள் என்னை விளக்கம் இல்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அம்மா நடப்பா. மெசின் நடக்குமோ?"

நானாவின் மெசின்

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு தையல்காரர் இருந்தார், முஸ்லிம் மனிதர். எல்லாரும் நானா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். இத்தனை வருசத்தில் மெசினைப் பற்றி என்னிடம் ஒழுங்காகக் கதைத்த ஒரே வாடிக்கைக்காரர். அவருடைய பெரிய மெசின் ஒருமுறை விழுந்து கழுத்து வெடித்தது. வெடிப்பைப் பித்தளை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். கறுப்புக் கழுத்தில் மஞ்சளாக ஒரு தழும்பு. அதற்கு மை பூசட்டோ என்று கேட்டேன், வேண்டாம் என்றார். சில்லை மெல்லச் சுற்றி, காதைக் கிட்ட வைத்துக் கேட்டு, "இப்ப மூச்சு விடுது" என்றார். எனக்கு அந்தச் சொல் கூலியைவிடப் பெரிதாக இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் அந்த முஸ்லிம் சனத்தை எல்லாம் ஒரே நாளில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். உடுத்த உடுப்போடு போனார்கள். நான் கேள்விப்பட்டு டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைத்தெருவில் ஒரு மனிதர் இல்லை. நானாவின் கடைக் கதவு திறந்து கிடந்தது. வெட்டிய துணி மேசையில் அப்படியே இருந்தது. யாருடைய காற்சட்டையோ, ஒரு கால் மட்டும் தைத்து முடிந்திருந்தது.

பிறகு கொஞ்சக் காலத்தால் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிறவர், தட்டு வண்டிலில் ஒரு மெசினைக் கொண்டுவந்து என் கொட்டிலுக்கு முன்னால் இறக்கினார். சாக்கை விலக்கினால் கழுத்தில் மஞ்சள் தழும்பு. ஆருடைய மெசின் இது என்று கேட்டேன். விலைக்கு வந்தது, வாங்கினேன் என்றார். ஆரிட்டை என்று கேட்டேன். வித்தவையிட்டை என்றார். இது நானாவின் மெசின், நான் ஒட்டின ஒட்டு இது, இதைத் தொடமாட்டேன் என்று சொன்னேன். அவருக்கு முகம் சிவந்தது. அவரோடு பகைத்தால் ஊரில் எனக்கு வேலை வராது என்று மனைவி உள்ளே இருந்து சைகை காட்டினாள். நான் சாக்கை எடுத்து மெசினை மூடிக் கட்டினேன். அவர் அதை வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தி மகளுக்குக் கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன். மனைவி பயந்ததுபோலவே அந்தப் பகுதியில் கனகாலம் எனக்கு ஒரு வீடும் வேலை தரவில்லை. அன்றைக்கு வண்டிலைத் திருப்பும்போது பெரியவர், மிகவும் நியாயமான மனிதரின் குரலில் சொல்லிவிட்டுப் போனார்:

"அவையள் போயிட்டினம். மெசின் என்ன பாவம் செய்தது, கறள் பிடிச்சுக் கிடக்க?"

உரப்பை

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டுவோம் என்றேன் நான். மனைவி தன்னுடைய மெசினின் தலையைக் கழற்றி, சேலையில் சுற்றி, கரியரில் வைத்துக் கட்டிவிட்டாள். அரிசியை இரண்டு பேரும் மாறி மாறித் தோளில் சுமந்தோம். வழி நெடுக நான் அவளை ஏசிக்கொண்டே வந்தேன். அவள் கரியர்க் கயிற்றை இறுக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

கைதடியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. கூரை உண்டு, சுவர் இல்லை. சாரல் அடித்து எல்லாருடைய பிள்ளைகளும் இருமின. யாரோ வெறும் உரப்பைகள் கொண்டுவந்து போட்டார்கள். அப்போதுதான் அவள் மெசினை அவிழ்த்தாள். மிதி இல்லை, மேசை இல்லை. நான் ஒரு பழைய சைக்கிள் பெடலைச் சில்லில் பூட்டிக் கைப்பிடி செய்தேன். பள்ளிக்கூட வாங்கில் தலையை வைத்துக் கட்டி, நான் சுற்ற அவள் உரப்பைகளைப் பொருத்தித் தைத்தாள். கை காய்த்துப் புண்ணாகிற வரைக்கும் சுற்றினேன். விறாந்தை முழுவதும் மழையை மறைக்கிற படங்கு தொங்கியது, பிள்ளைகள் நனையாமல் படுத்தன. என்னுடைய மனைவியை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அதை அவளுக்குச் சொல்ல வாயெடுத்தபோது, எங்கள் ஊர்க்காரி ஒருத்தி தனக்குக் கிடைத்த படங்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தையல் கோணல். எங்கடை டெய்லர் இப்பிடித் தையான்."

அத்தனை வருசமும் ஊர் ஊராகப் போய்த் திருத்தினேன்; திருந்தியது மெசின்கள் மட்டுந்தான்.