குமரேசனின் தோள்கட்டி

எங்கள் தெருவில் கல்யாணமோ கருமாதியோ, பந்தலும் நாற்காலியும் குமரேசனிடம்தான் வாடகைக்கு எடுப்போம். உழைப்பாளிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விரலில் முள் குத்தினால்கூட ஊரைக் கூட்டுகிற ஆள். அவர் மனைவி பொன்னி நேர்மாறு. காய்ச்சல் அடிக்கும்போதும் பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பாள். கேட்டால், "ஒண்ணும் இல்ல, வேதாக்கா" என்பாள்.

குமரேசனின் தோளில் பல வருஷமாக ஒரு கட்டி இருந்தது. இந்த ஆடியில் அது நார்த்தங்காய் அளவுக்கு வந்ததும் மனுஷனுக்குக் கிலி பிடித்துவிட்டது.

"கேன்சர்தான்க்கா. என் கதை முடிஞ்சிது" என்று என் வீட்டு வாசலில் நின்று அழுதார்.

"முதல்ல போய் டாக்டர்கிட்ட காட்டுப்பா" என்றேன். காதில் விழுந்தால்தானே!

தெருவே திரண்டது. ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, விபூதி எல்லாம் வந்தன. எதிர்வீட்டு ரசியா பேகம் தர்காவுக்குப் போய் துவா செய்துவிட்டு வந்தார். குமரேசன் சட்டையைக் கழற்றி, வந்தவர்களுக்கெல்லாம் கட்டியைக் காட்டினார். ஆவணிப் பௌர்ணமிக்குப் பொன்னி அவருக்காக வெறுங்காலோடு கிரிவலம் போனாள். காலெல்லாம் கொப்புளத்தோடு வந்து படியேறியவளிடம், "தலையணையைக் கொஞ்சம் சரி பண்ணு" என்றார் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தலையணையாலேயே நாலு போட்டிருப்பேன்.

ஒருவழியாக வேங்கிக்கால் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். ஊசியால் எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வந்த அன்று நானும் கூட இருந்தேன்.

"வெறும் கொழுப்புக் கட்டிங்க" என்றார் டாக்டர் கீதாஞ்சலி. "தொட்டா மெத்துனு இருக்கு, விரலுக்கடியில நழுவுது. பெரிசா இருந்தாலும் தன் உறைக்குள்ளயேதான் இருக்கும், பக்கத்துல எதுக்குள்ளயும் நுழையாது. ஆபத்தானது வேற வகை. அது சின்னதாக்கூட இருக்கும். கெட்டியா, அசையாம இருக்கும், பல பேருக்கு ஆரம்பத்துல வலியே இருக்காது. சுத்தியிருக்கிற சதைக்குள்ள ஊடுருவும், ரத்தத்துல கலந்து வேற எடத்துலயும் போய் வளரும்."

சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் தலையில் கைவைத்துக்கொண்டார். "தெருவுல எப்படிக்கா தலைகாட்டுவேன்? எல்லார் ஹார்லிக்ஸையும் குடிச்சிட்டேனே!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பொன்னி சிரிக்கவில்லை.

"டாக்டரம்மா, அந்த இன்னொரு வகை... வலிக்காம, கெட்டியா... எங்க வேணா வருமா?" என்று கேட்டாள். அவள் கை முந்தானைக்குள் மார்பருகே போயிருந்தது.

டாக்டர் அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தார். "இப்பவே எதுவும் சொல்ல முடியாது. டெஸ்ட் பண்ணிடலாம். எப்போலேர்ந்து இருக்கும்மா?"

"பொங்கலுக்கு முன்னாலேர்ந்து."

அப்போது புரட்டாசி பிறந்திருந்தது. குமரேசன் துள்ளி எழுந்தார். "ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

"சொன்னேனே" என்றாள் பொன்னி. குரலில் கோபம்கூட இல்லை. "நீங்கதான் தோளைக் காட்டி, 'உன்னுது பட்டாணி கணக்கா இருக்குது, என்னுதைப் பாரு'ன்னீங்க."

குமரேசன் உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்த சிரிப்பை நினைத்து எனக்கும் உடம்பு கூசியது. பௌர்ணமிக்கு அவளோடு மலையைச் சுற்றியவள் நான். வழியெல்லாம் அவர் தோளைப் பற்றியே பேசினேன். உனக்கு உடம்பு எப்படியிருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பரிசோதனை முடிவு நல்லபடியாக வரவில்லை. ஆபரேஷனுக்கு முதல்நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரசியா பேகமும் வந்திருந்தார்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள் பொன்னி.

"இருக்குதுக்கா. கேன்சர்" என்றார் குமரேசன். எங்கள் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. "பொங்கலப்போவே சொன்னா. நான்தான் காதுல வாங்கல."