அது என் நெரை இல்லை

“லயத்துப் புள்ள நாலு இங்கிலீசு எழுத்து படிச்சிட்டா, பந்து ஒதைக்கச் சொல்லிக் குடுத்திருமா?”

சென்ற ஆண்டு எங்கள் தோட்ட ஆபீஸில், துரை முன்னாலேயே, அங்கே கணக்கு எழுதும் கிராணி கேட்ட கேள்வி இது. துரை வெள்ளைக்காரர்தான், ஆனால் தோட்டத் தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்த பிறகு, சிதறிக் கிடந்த எங்கள் லயத்து வீட்டு வரிசைகளை ஒரே இடத்தில் கூட்டி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காலையில் வேலைக்குக் கேட் திறக்கும். வேலை முடிந்ததும் ஆள் எண்ணி உள்ளே விட்டு மூடிவிடுவார்கள். எங்கள் திடல் வேலிக்கு வெளியே போய்விட்டது. யாரும் கால் வைக்காமல் லாலான் புல் மண்டிக் கிடந்தது. அங்கே காவலர்களுக்குக் கொட்டகை போடப் போவதாகப் பேச்சு வந்ததும், ஆண்கள் சிலர் என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போய், சாயங்காலம் ஒரு மணி நேரம் கேட்டைத் திறந்துவிட்டால் பந்து விளையாடுவோம் என்று கேட்டார்கள்.

துரை ஒரு மாதத் தவணை கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்தோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும். அது முறையான ஆட்டமாக இருந்தால் திடலும் அந்த ஒரு மணி நேரமும் எங்களுக்கு. வெறும் கூச்சலும் தள்ளுமுள்ளுமாக இருந்தால் கொட்டகை. ஆங்கில விதிப்புத்தகம் ஒன்றையும் மேசைமேல் போட்டார். லயத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். தோட்டப் பள்ளியில் அப்போதுதான் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். நான் சொல்லித்தருவேன் என்று ஆண்கள் சொன்னதும்தான் கிராணி அந்தக் கேள்வியைக் கேட்டார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடுவேன் என்று துரையிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை ஒரு பந்தைக்கூடக் காலால் தொட்டதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

முதல் நாள் பயிற்சியிலேயே எனக்குத் தலைவலி வந்துவிட்டது. பந்து எங்கே உருண்டாலும் பதினொரு பேரும் அதன் பின்னால் ஓடினார்கள். கோல்கீப்பரும் ஓடினார். யார் எந்தப் பக்கம் அடிப்பது என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. ஆஃப்சைடு விதியைக் கரும்பலகையில் படம் போட்டு மூன்று நாள் விளக்கினேன். பந்து வருவதற்கு முன்னால் எதிரிகளைத் தாண்டிப் போய் நிற்கக்கூடாது என்றதும், என் சித்தப்பா கையைத் தூக்கினார்.

“ஏன் டீச்சர் பாப்பா, பெரட்டுக்கு முந்திப் போயி நின்னா மண்டோரு நல்ல ஆளுங்கிறாரு. இங்க நின்னா தப்பா?”

எல்லோரும் சிரித்தார்கள். பெரட்டு என்பது விடியற்காலையில் எங்கள் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆள் கணக்கெடுக்கும் நேரம். நான் சிரிக்கவில்லை. இவர்களுக்குப் புரிகிற மாதிரி எதைச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் அந்த அருமையான யோசனை வந்தது.

ரப்பர் காட்டில் ஒவ்வொருவருக்கும் இத்தனை மரம் என்று நெரை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒருவர் நெரையில் மற்றவர் கத்தி வைக்க மாட்டார், வைத்தால் சண்டை. நான் திடலைப் படமாக வரைந்து அதையே நெரைகளாகப் பிரித்தேன். பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று, முன்னால் ஐந்து. இது உங்கள் நெரை, இதைவிட்டு நகரக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அன்று சாயங்காலமே அவரவர் இடத்தில் அழகாக நின்றார்கள். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஆட்டத்தன்று எதிர்த் தோட்டத்துக்காரர்கள் லோரியில் வந்து இறங்கினார்கள். ரெஃபரியும் அவர்களோடு வந்தார். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் கிராணி. ஆண்களுக்கு மட்டும்தான் கேட் திறந்தது. பயிற்சி கொடுப்பவள் என்பதால் என்னை விட்டார்கள். மற்றப் பெண்கள் வேலிக்கு உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவும் அங்கேதான் நின்றாள்.

விசில் ஊதிய சிறிது நேரத்தில் முதல் கோல் விழுந்தது. பந்து என் அப்பாவிடமிருந்து இரண்டு முழம் தள்ளி உருண்டு போனது. அவர் அதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கோட்டோரம் ஓடிப்போய், ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன்.

“அது ஒஞ்சித்தப்பா நெரை, தாயி. நீதான கோடு போட்டுக் குடுத்த?”

அடுத்த கோல் சித்தப்பா பக்கத்தில் விழுந்தது. பந்து நடு நெரையில் போனதாம். பதினொரு பேரும் ரப்பர் பால்மரம் மாதிரி நட்ட இடத்தில் நின்றார்கள். எதிராளிகள் அவர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடினார்கள். நகருங்கள், நகருங்கள் என்று நான் கத்தினேன். நகரக்கூடாது என்று சொன்னவளே நகரச் சொன்னால் அவர்கள் எதைக் கேட்பார்கள்? பாதி ஆட்டத்துக்குள் நான்கு கோல். கிராணி துரையின் காதில் ஏதோ சொன்னார். துரை கீழே வைத்திருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

இடைவேளையில் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது பாதி தொடங்கியதும் பந்து மறுபடி அப்பாவைத் தாண்டி உருண்டது. அப்போது வேலிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“மழ வருதுய்யா! மங்கெல்லாம் நெறஞ்சு கெடக்கு, அவனவன் நெரைன்னு நிப்பீங்களா?”

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் அப்பா ஓடினார். பால் எடுக்கிற நேரத்தில் மழை வந்தால் எங்கள் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தில் கட்டிய மங்குக்குள் தண்ணீர் விழுந்தால் அன்றைய பால் வீண். அதனால் பக்கத்து நெரைக்காரர் முதலில் ஓடிவந்து கைகொடுப்பார். அவர் விட்டுவந்த மரத்தை அவருக்கு அடுத்தவர் பார்த்துக்கொள்வார். எல்லோரும் ஒரே மரத்துக்கு ஓட மாட்டார்கள். யாரும் சும்மா நிற்கவும் மாட்டார்கள். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். பள்ளிக்கூட விடுமுறையில் நானே வாளியோடு ஓடியிருக்கிறேன். ஆனால் எனக்கு அது தோன்றவில்லை.

அப்பா பந்தைத் தட்டினார். அவர் இடத்துக்குச் சித்தப்பா வந்தார். சித்தப்பா இடத்தை வேறொருவர் பிடித்தார். வேலிக்குள்ளிருந்த பெண்கள் எல்லோருமாக “மழ, மழ” என்று கத்த ஆரம்பித்தார்கள். எதிர்த் தோட்டத்து ஆட்களும் பால் வெட்டுகிறவர்கள்தானே, ஒருவர் பாவம் நின்று அண்ணாந்து பார்த்தார். நாங்கள் மூன்று கோல் போட்டோம். நான்குக்கு மூன்று என்று தோற்றோம். துரை தொப்பியைப் போடாமலே கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பெரட்டில், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆண்களுக்குக் கேட் திறக்கும் என்று கிராணியே படித்தார். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். லயத்தில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது, கைநாட்டு வைக்கிற அம்மா போட்ட ஒரே சத்தத்தில் நடந்துவிட்டது. எப்படி யோசித்தாய் என்று கேட்டதற்கு, “இதுல யோசிக்க என்னா இருக்கு?” என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

இப்போதும் அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது. படித்ததில் தப்பில்லை, படித்துவிட்டதாலேயே எனக்குத் தெரிந்ததைக்கூட மறந்து நின்றேனே, அதுதான் உறுத்துகிறது.

போன வாரம் ஆபீஸுக்குப் போய், வேலியைத் தாண்டித் திடலுக்கு விட வேண்டிய பெண்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். முதல் பெயர் அம்மாவுடையது. ஆட்டம் பார்க்கவா என்று கிராணி கேட்டார்.

பதினொரு பெயர் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.